பென்டிரைவில் வரும் ஆய்வேடும் பழைய வேர்டும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே டைப்பிங் வேலை பார்க்கிறேன். சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைகள் ஆய்வேடு, புராஜெக்ட் என்று பென்டிரைவில் கொண்டு வருவார்கள். சிலர் மெயிலில் அனுப்புவார்கள். கணினியில் விண்டோஸ் 10, வேர்ட் 2010 இருக்கின்றன. கணினியை அசெம்பிள் செய்து தந்த கடைக்காரரே வேர்டையும் போட்டுத் தந்தார். "அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க, லாக் ஆகிடும்" என்று சொல்லி அதை நிறுத்தியும் வைத்தார். இப்போது திரையின் ஓரத்தில் "உங்கள் வேர்ட் பழையது, உடனே அப்டேட் செய்யவும்" என்று அடிக்கடி வருகிறது. அழுத்தலாமா? வேறு சாப்ட்வேருக்கு மாறினால், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் பழைய ஃபைல்கள் என்ன ஆகும்?

பதில்: அழுத்தாதீர்கள். வேர்ட் 2010-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபர் 13 அன்றே நிறுத்திவிட்டது. அப்டேட்டே வராத ஒன்றுக்கு "அப்டேட் வந்திருக்கிறது" என்று செய்தி வந்தால், அதை அனுப்பியது வேர்டாக இருக்காது. எப்போதோ ஏதோ ஒரு இணையதளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும், வேலை அவசரத்தில் நீங்கள் 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. குரோமில் செட்டிங்ஸ் போய், சைட் செட்டிங்ஸுக்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பாருங்கள். தெரியாத தளங்கள் எல்லாவற்றையும் அங்கிருந்து நீக்கினால் செய்தி நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கணினிக்குள்ளேயே ஏதோ புகுந்திருக்கிறது. கீழே சொல்லும் ஸ்கேனை அன்றே செய்துவிடுங்கள்.

உண்மையான அப்டேட் எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர்ட் 2013-லிருந்து 'ஃபைல்' மெனுவுக்குள் 'அக்கவுன்ட்' என்று ஒரு பக்கம் உண்டு. எந்தப் பதிப்பு என்பது அங்கே தெரியும். அதே பக்கத்தில் 'அப்டேட் ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'அப்டேட் நவ்' இருக்கும். சில பழைய நிறுவல்களில் இந்தப் பொத்தான் இருக்காது. அவற்றுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும். இந்த இரண்டையும் தவிர மெயிலிலோ பிரவுசரிலோ வரும் எந்த "அப்டேட்"டையும் நம்ப வேண்டாம். அடுத்த பதிப்புகளுக்கும் காலம் முடிந்துவிட்டது: 2013-க்கு 2023 ஏப்ரலில், 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று. விண்டோஸ் 10-க்கும் அதே நாள்தான்.

"நான் டைப் மட்டும்தானே செய்கிறேன், என்ன வந்துவிடப் போகிறது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். டைப் செய்வதால் ஒன்றும் வராது. ஆபத்து, அடுத்தவர் தரும் ஃபைலைத் திறப்பதில் இருக்கிறது. நாளெல்லாம் நீங்கள் செய்வது அதைத்தானே!

வேர்டில் சமன்பாடு எழுத 'ஈக்வேஷன் எடிட்டர்' என்று ஒரு பழைய துணைக்கருவி இருந்தது. 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய அதே நிரலை மைக்ரோசாஃப்ட் ஆண்டுக்கணக்கில் கூடவே தந்துகொண்டிருந்தது. 2017-இல் அதில் ஒரு ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. அந்த ஓட்டைக்கு ஏற்றபடி தயாரித்த ஃபைலைத் திறந்தாலே போதும். மேக்ரோவும் (ஃபைலுக்குள் வைக்கும் சிறு நிரல்) வேண்டாம், எதற்கும் 'சரி' கொடுக்கவும் வேண்டாம், உள்ளே வைத்த கட்டளை ஓடிவிடும். அந்த ஆண்டு நவம்பரில் திருத்தம் வந்தது. 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆனால் அப்டேட் நிறுத்தப்பட்ட கணினிக்கு இது எதுவும் வந்து சேர்ந்திருக்காது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: 'இன்சர்ட்' மெனுவில் 'ஆப்ஜெக்ட்' போங்கள். பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் ஈக்வேஷன் 3.0' இருந்து, அழுத்தினால் அது திறந்தும் கொண்டால், அந்தக் கதவு உங்கள் வீட்டில் இன்னும் தாழ்போடாமல்தான் கிடக்கிறது.

அடுத்தது, ஃபைலைத் திறந்ததும் மேலே வரும் மஞ்சள் பட்டை. இதில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்து அழுத்திவிடுகிறார்கள். 'எனேபிள் எடிட்டிங்' என்று கேட்டால், அந்த ஃபைல் இணையத்திலிருந்து வந்தது, படிக்க மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள். தெரிந்த மாணவர், எதிர்பார்த்த ஃபைல் என்றால் அழுத்தித்தான் ஆகவேண்டும். 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் விஷயம் வேறு. பொதுவாக ஃபைலுக்குள் இருக்கும் மேக்ரோ நிரலை ஓட விடவா என்று கேட்கிறது. ஓர் ஆய்வேட்டுக்கு மேக்ரோ எதற்கு? அழுத்தாமல் மூடிவிட்டு, மாணவருக்கு போன் போட்டு வேறு பிரதி கேளுங்கள். 1999-இல் உலகத்தையே சுற்றி வந்த மெலிசா வைரஸ் வேர்ட் மேக்ரோவாகத்தான் வந்தது. 2022-லிருந்துதான் புதிய பதிப்புகள், இணையத்திலிருந்து வரும் மேக்ரோவைத் தாமாகவே தடுக்கின்றன.

உங்கள் தொழிலுக்கு முக்கியமான இன்னொன்றும் இதில் இருக்கிறது. "இது வெளியிலிருந்து வந்தது" என்ற முத்திரையை, ஃபைலை இறக்கும்போது விண்டோஸ் அதன்மேல் ஒட்டி வைக்கிறது. வழக்கமான பென்டிரைவின் வடிவமைப்பில் அந்த முத்திரை ஒட்டாது. அதனால் பென்டிரைவில் வரும் ஃபைலுக்கு 'எனேபிள் எடிட்டிங்' பட்டையே வராமல் போகலாம். பட்டை வரவில்லை, ஆகவே ஃபைல் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். பென்டிரைவைச் செருகியதும் அதன் மேல் ரைட் கிளிக் செய்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான 'டிஃபெண்டர்' ஸ்கேன் கொடுங்கள், பிறகு திறங்கள். மாணவர் அவசரப்படுத்தினாலும் காத்திருக்கட்டும். மெயிலிலேயே அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

இனி கடைக்காரர் போட்டுத் தந்த வேர்ட். "அப்டேட் பண்ணினால் லாக் ஆகிடும்" என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: அது காசு கொடுத்து வாங்கிய வேர்ட் இல்லை. திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் கவலை அந்தப் பூட்டை உடைக்கப் பயன்படுத்திய கருவியைப் பற்றியது. இப்படிப்பட்ட கருவிகளைப் போடும்போது ஆன்டிவைரஸ் தடுக்காமல் இருக்க அதற்கு 'விலக்கு' கொடுத்து வைப்பது வழக்கம். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியின் 'மேனேஜ் செட்டிங்ஸ்' உள்ளே, அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. 'சி' டிரைவ் முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தால், இத்தனை நாளும் காவல்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம்.

சரி, எந்த வரிசையில் செய்வது? முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள், இரண்டு பிரதிகளாக. ஒன்று வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டில். தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எடுத்த பிரதியைக் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் அந்த விலக்குகளை நீக்கிவிட்டு டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓடவிடுங்கள். கணினி மறுபடி கிளம்பி, கால் மணி நேரம் போல ஆகும். கரன்ட் போய்ப் போய் வரும் மழை நாளில் இந்த வேலைகளைத் தொடாதீர்கள். பிறகு பழைய வேர்டை நீக்குங்கள்.

அதன் இடத்தில், வேர்டைப் போலவே வேலை செய்யும் லிப்ரே ஆஃபீஸைப் பரிந்துரைக்கிறேன். முற்றிலும் இலவசம். லிப்ரே ஆஃபீஸ் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளும் நடுவில் சிறு திருத்தங்களும் வருகின்றன. 'ஹெல்ப்' மெனுவில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' மாதம் ஒரு முறை பாருங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஓப்பன் ஆஃபீஸை இறக்கிவிடாதீர்கள். அதற்குத் திருத்தங்கள் அரிதாகத்தான் வருகின்றன.

குறை இல்லையா என்றால், உண்டு. வேர்டில் செய்த அட்டவணை, பக்க எண் எல்லாம் லிப்ரேவில் சில நேரம் இடம் மாறும். 200 பக்க ஆய்வேட்டில் அது எரிச்சலான வேலை. முடித்ததை பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால் அச்சில் மாறாது. வழிகாட்டி வேர்டில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி பிரவுசரில் இலவச வேர்டில் கடைசிக் கையைப் பார்த்துக்கொள்ளலாம். அதை அப்டேட் செய்யும் வேலையும் உங்களுக்கு இல்லை. வருமானம் இடம் கொடுத்தால் வேர்டை முறையாக வாங்குவதுதான் உங்கள் தொழிலுக்குச் சுலபம். சில நூறு ரூபாய்க்கு "வாழ்நாள் கீ" என்று இணையத்தில் விற்பதை மட்டும் வாங்காதீர்கள்.

விண்டோஸ் 10-ஐயும் கவனிக்க வேண்டும். கணினி ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். முடியாவிட்டால், வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே பதியலாம். விண்டோஸையும் கடைக்காரர் அப்படித்தான் போட்டுத் தந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பாமினி. கவலை வேண்டாம், அந்த ஃபைல்கள் லிப்ரேவிலும் திறக்கும். பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ் தெரியும். அதனால் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' அறையிலிருந்து பாமினியை முதலிலேயே காப்பி எடுத்து வையுங்கள். ஆங்கிலம் என்று நினைத்து எழுத்துப்பிழை பார்க்கும் வசதி எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும், அதை நிறுத்திவிடலாம். எழுத்துரு தொலைந்து புதிதாக இறக்க நேர்ந்தால், அது எழுத்துரு ஃபைலாக மட்டும் இருக்கவேண்டும். "இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு நிரலாக வந்தால் ஓடவிடாமல் அழித்துவிடுங்கள்.