புதுப் போனில் சார்ஜ் நிற்கவில்லையா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பதினேழு ஆண்டுகளாகப் போன் பழுது பார்க்கிறேன். விலை உயர்ந்த புதுப் போன் வாங்கியவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

வள்ளியூரிலிருந்து: போன் வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. மதியம் மூன்று மணிக்கே 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

ஒரு வாரம் பொறுங்கள், தம்பி. பழைய போனிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான படங்களைப் புதுப் போன் உள்ளுக்குள் இன்னும் வகை பிரித்துக்கொண்டிருக்கும். செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வாரம் கழிந்தும் அப்படியே இருந்தால், செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று பாருங்கள். அங்கே எதுவும் தென்படாவிட்டால், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஊரில் நன்றாக இருக்கிற போன், மாஞ்சோலைக்குப் போனால் அரை நாளில் அணைந்துவிடுகிறது.

போனில் குற்றம் இல்லை. மணிமுத்தாறு தாண்டி மலை ஏற ஏற சிக்னல் மெலிகிறது. செல்போன் கோபுரம் தொலைவில் இருந்தால் போன் தன் அலைபரப்பும் திறனைக் கூட்டுகிறது. சிக்னல் அறுந்தால் ஓயாமல் தேடுகிறது. நீங்கள் தொடாமல் பையில் வைத்திருந்தாலும் இந்த வேலை நடக்கும். மலையில் விமானப் பயன்முறையில் போடுங்கள். 5ஜி எட்டாத ஊர்களில் 4ஜியில் நிறுத்தி வையுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: புதுப் போனில் சார்ஜ் நிற்கவில்லை. என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், வாரம் ஒருமுறை சுத்தமாகத் தீர விட வேண்டும். அதைச் செய்யாததுதான் காரணம்.

இல்லை, அண்ணாச்சி. அது நிக்கல்-காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிக்குச் சொன்னது. உங்கள் கையில் இருப்பது லித்தியம்-அயனி. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அடிக்கடி முழுவதும் தீர விடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். 20க்கும் 80க்கும் இடையில் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

அவரே மறுபடியும்: என் பழைய கம்பியில்லாத் தொலைபேசி அப்படிச் செய்துதான் பல வருடம் ஓடியது.

அதில் இருந்தது நிக்கல் பேட்டரியாக இருக்கும். அதற்கு நீங்கள் செய்தது சரி.

இன்னொருவர், ஆலங்குளம்: சேவை மையத்திலேயே முழுவதும் தீர விடச் சொன்னார்களே?

திரையில் காட்டும் சதவீதம் தாறுமாறாகக் குதித்தால், கணக்கைச் சரிசெய்ய எப்போதாவது ஒருமுறை அப்படிச் செய்யலாம். அதனால் அளவீடு திருந்தும், பேட்டரி வலுப்பெறாது. இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் இந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை.

பணகுடியிலிருந்து: பைக்கில் வழி காட்டும் மேப் பார்க்கப் போனை முன்னால் மாட்டிச் சார்ஜும் போடுகிறேன். சூடாகிறது.

நிறுத்துங்கள். வெயில், சார்ஜ், முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ் என்று நான்கு சூடும் ஒன்றாகச் சேர்கின்றன. 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லிப் பல போன்களின் கையேட்டிலேயே இருக்கிறது. சித்திரையில் நம் ஊரில் நிழலே அதைத் தாண்டிவிடும். காரின் முன்கண்ணாடிக்கடியில் கிடந்த போன் ஒன்று என்னிடம் வந்தது. பேட்டரி உப்பி, பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே என் கட்டைவிரல் நகம் நுழைந்தது. அப்படி உப்பினால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உடனே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

தாழையூத்திலிருந்து: சார்ஜை மிச்சப்படுத்தும் செயலி எது நல்லது?

எதுவும் வேண்டாம். போனிலேயே அந்த வசதி இருக்கிறது.

திசையன்விளையிலிருந்து: புதுப் போன், சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது...

அம்மா, முதல் பதில். தயவுசெய்து அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து: சூடானால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரம் உள்ளே படியும். உறையைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.