அதே ‘மூன்று’, எதிர்ப் பொருள்: மிசௌரி வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருக்கிறேன். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நவம்பரில் போடப்போவது என் முதல் ஓட்டு. கருக்கலைப்பு உரிமை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். 2024-இலேயே ‘அமெண்ட்மெண்ட் 3’ ஜெயித்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் இப்போது மறுபடியும் ஏன் ‘அமெண்ட்மெண்ட் 3’? “போன தடவை மாதிரியே மூணுக்கு யெஸ் போடு” என்கிறாள் பக்கத்து வீட்டுத் தோழி. கிரீன் கார்டில் இருக்கும் என் மாமியாரும் ஓட்டுப் போடலாமா என்று கேட்கிறார். கொஞ்சம் விளக்குங்களேன்.

பதில்: தோழி சொன்னபடி செய்தால் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராக ஓட்டு விழும். 2024-இல் கருக்கலைப்பு உரிமையை விரும்பியவர்கள் ‘ஆம்’ என்றார்கள். 2026 நவம்பர் 3 அன்று அந்த உரிமை நீடிக்க வேண்டும் என்பவர்கள் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். அமெண்ட்மெண்ட் என்றால் மாநில அரசியல் சாசனத்துக்கு ஒரு திருத்தம், வாக்காளர்கள் அதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்கிறார்கள். இரண்டு தடவையும் எண் மட்டும்தான் ஒன்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் எண் புதிதாகக் கொடுக்கப்படுகிறது. பஸ் ரூட் நம்பர் மாதிரி அது நிலையானது இல்லை.

ஜெயித்த விஷயம் எப்படி மறுபடி வாக்குச்சீட்டுக்கு வந்தது என்று பார்ப்போம். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய, 1973-இல் வந்த ‘ரோ’ தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கருக்கலைப்பு இனி அந்தந்த மாநிலத்தின் விவகாரம் என்றாகிவிட்டது. அன்றைக்கே மிசௌரியில் தடை அமலுக்கு வந்தது. ஏற்கெனவே எழுதித் தயாராக வைத்திருந்த சட்டம் அது. சட்டமன்றம் தடையின் பக்கம் இருக்கும் மாநிலத்தில் உரிமை கேட்பவர்களுக்கு ஒரு வழிதான் மிச்சம்: சட்டமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேராக வாக்காளர்களிடம் போய், மாநில அரசியல் சாசனத்தையே திருத்தச் சொல்வது. எல்லா மாநிலத்திலும் இந்த வழி கிடையாது. டெக்சஸ், ஜார்ஜியா, டென்னசி மக்கள் கையெழுத்து திரட்டி இப்படி ஒரு திருத்தத்தைக் கொண்டுவர முடியாது. மிசௌரியில் முடியும்.

முடியும் என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. மாநிலத்தில் 8 காங்கிரஸ் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது 6-இல், கடைசியாக நடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதத்துக்கு ஈடான கையெழுத்து வேண்டும். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் தேவைப்பட்ட இடத்தில், 2024 மே மாதம் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையெழுத்து வேட்டை தொடங்கும் முன்பே வாக்குச்சீட்டில் என்ன எழுதுவது என்று ஒரு வழக்கு. தேர்தல்களைக் கவனிக்கும் அன்றைய மாநிலச் செயலர், “ஆபத்தான, கட்டுப்பாடற்ற” கருக்கலைப்புக்கு அனுமதி என்ற தோரணையில் வாக்குச்சீட்டுச் சுருக்கம் எழுதினார், நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. கடைசியில் திருத்தம் வாக்குச்சீட்டில் இருக்கலாமா என்பதே மாநில உச்ச நீதிமன்றத்தில் 4-க்கு 3 என்ற கணக்கில், கெடுவின் கடைசி நாளில்தான் முடிவானது. இதெல்லாம் தாண்டி 2024 நவம்பரில் 51.6 சதவீத வாக்கில் ஜெயித்தது. அதே நாளில் அதே மாநிலம் டிரம்புக்கு 58 சதவீத வாக்கு கொடுத்தது. இரண்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்தால் ஒழிய இந்தக் கணக்கு வராது. கட்சியை வைத்து இந்த விஷயத்தில் யாரையும் எடை போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜெயித்த மறுநாளே மருத்துவமனைக் கதவு திறந்துவிடவில்லை. அரசியல் சாசனம் மாறினாலும் பழைய சட்டங்கள் புத்தகத்தில் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றையும் நீதிமன்றத்துக்கு இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். டிசம்பரில் ஒரு நீதிபதி தடையை நிறுத்தினார், ஆனால் கிளினிக் உரிம விதிகளைத் தொடவில்லை. 2025 பிப்ரவரியில் அவற்றையும் நிறுத்தினார், சேவை தொடங்கியது. மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் மறுபடி நின்றது. ஜூலையில் மறுபடி தொடங்கியது. சாசனத்தில் ஒரு வரி சேர்ந்ததற்கும் ஒரு பெண்ணுக்கு அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பதற்கும் நடுவில் இத்தனை இருக்கிறது.

இதற்கு நடுவே, 2025 மே மாதத்தில், மாநிலச் சட்டமன்றத்தின் செனட் அவையில் விவாதத்தை வெட்டி நிறுத்திவிட்டு, புதிய திருத்தம் ஒன்றை மக்கள் வாக்குக்கு விடும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதுதான் இப்போதைய ‘மூன்று’. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மக்கள் ஒரு திருத்தத்தைக் கொண்டுவர லட்சக்கணக்கில் கையெழுத்து வேண்டும். சட்டமன்றத்துக்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம், இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தால் போதும். என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இதுதான்.

சரி, இப்போதைய திருத்தத்தில் என்ன இருக்கிறது? 2024-இல் வந்த பிரிவை அது நீக்குகிறது. அந்தப் பிரிவின்படி, கரு தாயின் உடலுக்கு வெளியே பிழைத்திருக்கக்கூடிய கட்டம் வரைக்கும் முடிவு பெண்ணுடையது. அதற்குப் பிறகு சட்டமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம், தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் தடுக்க முடியாது. புதிய திருத்தம் ஜெயித்தால் மருத்துவ அவசரம், கருவில் குறைபாடு, பாலியல் வன்கொடுமை அல்லது நெருங்கிய உறவு முறைக்குள் உண்டான கர்ப்பம் ஆகியவற்றுக்கே இடம். வன்கொடுமை வழக்குகளிலும் 12 வாரம்தான் கெடு. இதோடு 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பாலின மாற்றச் சிகிச்சைத் தடையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மாநிலத்தில் 2023 முதலே சட்டம் இருக்கிறது. பிறகு ஏன் இதில் சேர்த்தார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்காக முதலில் எழுதிய வாக்குச்சீட்டுச் சுருக்கத்தில், 2024-இல் மக்கள் போட்ட திருத்தம் ரத்தாகும் என்ற சங்கதியே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டது செல்லாது என்று 2025 செப்டம்பரில் ஒரு நீதிபதி திருப்பி அனுப்பினார்.

‘ஆம்’, ‘இல்லை’ குழப்பம் மிசௌரிக்கு மட்டும் உரியது இல்லை. 2022 ஆகஸ்டில் கான்சஸில் உரிமையைக் காத்தது ‘இல்லை’ வாக்கு, சுமார் 59 சதவீதம். அந்த நவம்பரில் மிச்சிகனில் காத்தது ‘ஆம்’ வாக்கு. ஒஹாயோவில் 2023-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆகஸ்டில் ‘இஷ்யூ 1’ என்று ஒரு வாக்குச்சீட்டுக் கேள்வி வந்தது: இனி சாசனத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்று. அது தோற்றது. மூன்று மாதம் கழித்து இன்னொரு ‘இஷ்யூ 1’, இது கருக்கலைப்பு உரிமைக்கானது. 57 சதவீதத்தை ஒட்டிய வாக்கில் ஜெயித்தது. முதலாவது நிறைவேறியிருந்தால் இரண்டாவது தோற்றிருக்கும். புளோரிடாவில் அந்த 60 சதவீத விதி முன்பே இருக்கிறது. அங்கே 2024-இல் 57 சதவீதம் பேர் ஆதரித்தும் திருத்தம் விழுந்தது, ஆறு வாரத் தடை நீடித்தது. மிசௌரியில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தாலும் போதும். அந்தக் கேள்வியைக் காலியாக விட்டால் கணக்கில் வராது. ஆனால் மின்னசோட்டாவில் சாசனத் திருத்தத்தைக் காலியாக விடுவது ‘இல்லை’ என்பதற்குச் சமம்!

அப்புறம், நீங்கள் செய்ய வேண்டியவை. குடியுரிமை வந்ததால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடாது. அக்டோபர் 7-க்குள் பதிவு செய்யுங்கள். வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். மிசௌரி டிரைவிங் லைசென்ஸோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ போதும். உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு வரும். அதை அச்செடுத்துச் சமையலறை மேசையில் வைத்து, திருத்தத்தின் முழு வாசகத்தோடு சேர்த்து நிதானமாகப் படியுங்கள். தோழியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்பாதீர்கள், 2024-இல் வந்த பழைய ‘மூன்றுக்கு ஆம்’ படங்கள் மறுபடி சுற்றினால் ஆச்சரியமில்லை.

மாமியார் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். கிரீன் கார்டு, எச்-1பி, எதில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. மனுக்களில் கையெழுத்துப் போடுவதும் பதிவு செய்த வாக்காளர்களுக்கு மட்டுமே. தெரியாமல் பதிவு செய்தாலும் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும், நாடு கடத்தும் நடவடிக்கை வரைக்கும் போகலாம். லைசென்ஸ் அலுவலகத்தில் “வாக்காளராகப் பதிய வேண்டுமா?” என்று போகிற போக்கில் கேட்பார்கள். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாமல் பெரியவர்கள் தலையாட்டிவிடுவது அங்கேதான். அடுத்த தடவை அவர் அங்கே போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.