பங்க் காரில் குடித்தனம்

அன்புள்ள சார்,

நான் இல்லினாயில் வசிக்கிறேன். ரயில் மாடல் செய்வது பொழுதுபோக்கு. தண்டவாள வேலையாட்கள் தங்கிய பங்க் காரின் மரக் கிட் (நாமே ஒட்டிச் சேர்க்கும் உதிரித் தொகுப்பு) ஒன்றை ஹெச்ஓ அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, கட்டி முடித்தேன். படங்கள் இணைப்பில். சுத்தமாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் பொம்மை வீடு மாதிரி தெரிகிறது. ஏன்? பக்கத்தில் துணி காயப்போடும் ஒரு பெண்ணையும் குழந்தையையும் வைக்க ஆசை. ஆண்கள் மட்டும் தங்கிய இடம், குடும்பம் வைத்தால் தப்பு என்கிறார் நண்பர். உள்ளே விளக்கு போடலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசை எங்கும் வழியவில்லை, ஜன்னல்கள் நேராக நிற்கின்றன. சிக்கல், அது புது வீடாக இருப்பதுதான். கேங் ஆட்களுக்கென்று, அதாவது தண்டவாள வேலைக் குழுக்களுக்கென்று, அமெரிக்க ரயில் கம்பெனிகள் புதுப் பெட்டி செய்தது குறைவு. சரக்கு ஏற்ற லாயக்கில்லை என்று ஒதுக்கிய பாக்ஸ்காரில் (மூடிய சரக்குப் பெட்டியில்) ஜன்னல் வெட்டி, அடுப்பு வைத்து, உள்ளே ஆளை ஏற்றினார்கள்.

அதனால் அடுத்த கிட்டை அதே வரிசையில் கட்டுங்கள். முதலில் அது ஒரு சரக்குப் பெட்டி. காவிச் சிவப்பு அடியுங்கள், எண்களை ஒட்டுங்கள், வெயிலில் வெளுத்த மாதிரி ஆக்குங்கள். அப்புறம் பணிமனைத் தச்சராக மாறுங்கள். இழுவைக் கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பலகையால் அடையுங்கள். புதுப் பலகையின் அகலம் பழையதோடு ஒத்துப்போக வேண்டாம். அதில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு, கீழே மரப்படி, கூரையில் புகைக்குழாய். கதவு ஓடிய மேல் தண்டை மட்டும் கழற்றாதீர்கள், அதுதான் பெட்டியின் பூர்வீகம். கடைசியாகச் சாம்பல் நிறம், மெல்லியதாக ஒரே பூச்சு. பழைய எண் அடியில் லேசாகத் தெரிந்தால் நல்லது. (சுவரின் உள்பக்கமும் பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மெல்லிய மரம் வளைந்துவிடும்.)

குடும்பம் வைக்கலாமா என்பது நீங்கள் எந்த வருடத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1920கள் என்றால் தாராளமாக. உங்கள் மாநிலத்திலேயே சில்விஸ் என்ற ஊரில், ராக் ஐலண்ட் ரயில்வேயின் யார்டில், மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு பாக்ஸ்காரில்தான் குடியிருந்தார்கள். பின்னால் அங்கிருந்து கிளம்பி, பக்கத்தில் செகண்ட் ஸ்ட்ரீட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அந்த ஒரு தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் இறந்தார்கள். இன்று அதன் பெயர் ஹீரோ ஸ்ட்ரீட். நண்பரைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்படி நிரந்தரமாகத் தங்கிய பெட்டிகள் சிலவற்றில் சக்கரத்தையே கழற்றி, பழைய ஸ்லீப்பர் கட்டைகள்மேல் உட்கார வைத்திருப்பார்கள். மாடலில் இது இன்னும் எடுப்பாக இருக்கும்.

1950கள் என்றால் கதை வேறு. துணிக்கொடியை செக்‌ஷன் ஹவுஸ் பக்கம் நகர்த்துங்கள். அது ஃபோர்மன் குடும்பத்தோடு இருந்த வீடு, யாரும் கேள்வி கேட்க முடியாது. பங்க் காருக்கு ஆர்ச்பார் சக்கரச் சட்டம் மாட்டுங்கள். இரும்புப் பட்டைகளை போல்ட் போட்டு இணைத்த பழைய வகை அது. போல்ட் தளர்ந்து விபத்து நடந்ததால், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனியின் பாதைக்குப் போகும் பெட்டிகளில் இதை 1940களின் தொடக்கத்தில் தடை செய்துவிட்டார்கள். சொந்தப் பாதையிலேயே கிடந்த வேலைப் பெட்டிகளுக்கு அந்தத் தடை இல்லை. மரப்பெட்டி அலுத்துவிட்டால் ட்ரூப் ஸ்லீப்பர் இருக்கிறது. 1943 முதல் புல்மன் கம்பெனி சிப்பாய்களுக்காகச் செய்த தூங்கும் பெட்டி. போர் முடிந்ததும் ரயில்வேக்கள் வாங்கி, கேங்குகளுக்குக் கொடுத்தன.

கொடிக்கயிறு பற்றி ஒன்று. படத்தில் நீங்கள் கட்டியிருப்பது தையல் நூல். அது 0.3 மில்லிமீட்டர் தடிமன் என்றே வைத்துக்கொள்வோம். 87ஆல் பெருக்கினால் 26 மில்லிமீட்டர். ஒரு அங்குலத் தடிமனில் கயிறு கட்டி அதில் யாரும் பனியன் காயப்போட மாட்டார்கள்! பிளாஸ்டிக் கிட்களில் உதிரிகளைப் பிடித்திருக்கும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் தலைமுடி போல இழை வரும். துணிக்கு டிஷ்யூ பேப்பர், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை போதும்.

விளக்கு தாராளமாகப் போடலாம். மண்ணெண்ணெய் விளக்கு என்று நினைத்துக்கொண்டு, மஞ்சள் எல்இடி ஒன்று, மிக மங்கலாக. வெள்ளை எல்இடி போட்டால் பங்க் கார் பல் ஆஸ்பத்திரி ஆகிவிடும்.