‘நீங்க போங்க’ என்கிறாள் மனைவி… போகலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 46, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பதினெட்டு வருடமாக ஊர் கபடிக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ஏழு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கும் காலை, மாலை பயிற்சி கொடுக்கிறேன். இப்போது 14 பேர் வருகிறார்கள். இதற்காக யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பொங்கலை ஒட்டி ஜனவரி 16, 17 இரண்டு இரவும் ஊரில் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிக்கு நான்தான் செயலாளர். கமிட்டிக் கூட்டம் எப்போதும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும்.

ஆவணியில் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டு முடிந்தது, இன்னும் நான்கு இருக்கிறது. மூன்றாவது நவம்பர் 20-ம் தேதி. “நீங்க போங்க, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்” என்கிறாள் மனைவி. “பொண்டாட்டி இப்படிக் கிடக்கா, உனக்கு விசில் கேக்குதா?” என்கிறார் அம்மா. கமிட்டியில், ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று பழமொழி சொல்கிறார்கள். மைதானத்தில் நின்றால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் மைதான நினைப்பு. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, அந்த ‘நீங்க போங்க’வில் இருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு மனைவி இப்படிச் சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் உண்டு. ‘நிஜமாகவே போய்விட்டு வாருங்கள், கொஞ்ச நேரம் தனியாகப் படுத்திருக்கிறேன்’ என்பது ஒன்று. ‘இருங்கள் என்று சொன்னால் உங்கள் முகம் தொங்கிப்போகும், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை’ என்பது ஒன்று. ‘நான் வாய்விட்டுக் கேட்டால்தான் இருப்பீர்களா?’ என்பது இன்னொன்று. ‘என்னால் உங்கள் ஆசை எதுவும் நின்றுபோக வேண்டாம்’ என்பதும் அதே சொல்தான். ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்கு நான்கும் மாறி மாறி வரும்.

நீங்கள் எப்போது கேட்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, வண்டியை வாசலில் இறக்கிவிட்டு, “போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டால் அவரால் ‘போங்க’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? முந்தின நாள் ராத்திரி, சாப்பாடு ஆன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “நாளைக்கு எந்த நேரத்துல நான் உன் பக்கத்துல இருக்கணும்?” இந்தக் கேள்விக்கு ‘போங்க’ என்று பதில் சொல்ல முடியாது. அவர் ஒரு நேரத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு நாள் மழுப்புவார். விடாமல் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் அப்பா பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாலிபால் குழு வைத்திருந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அப்பா ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டார். வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். ஊரே மெச்சியது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் திடலில் பந்து அடிபடும் சத்தம் எங்கள் கூடம் வரைக்கும் கேட்கும். அப்பா ஒன்றும் பேச மாட்டார், காது மட்டும் அந்தப் பக்கம் போய்விடும். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். “என்னால இவரு அதையும் விட்டுட்டாரு” என்று ஒரு நாள் சித்தியிடம் சொல்லி அழுதார். நோயையும் சுமந்துகொண்டு, அப்பா விட்டதையும் அவரே சுமந்தார். உங்கள் மனைவிக்கு அது வரக் கூடாது.

ஆனால் உங்கள் அம்மா கேட்டதும் தப்பில்லை. அவர் கண்ணெதிரே மருமகள் வாடிக் கிடக்கிறார். நீங்கள் எத்தனை நாள் போகிறீர்கள் என்பதைவிட எந்த நாளில் போகிறீர்கள் என்பதுதான் அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதனால் சமையலறைக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்கள்.

நவம்பர் 20, டிசம்பர் 11, ஜனவரி 1, ஜனவரி 22. இவை நான்கும் கீமோ நாட்கள். ஒவ்வொன்றிலும் முதல் வாரம் பலருக்கு உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். குமட்டல், வாய்க்கசப்பு, எழுந்து நிற்க முடியாத அசதி. இந்த வாரம் முழுக்க நீங்கள் வீடுதான். தோராயமாக ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ஆள் பார்க்கக் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருப்பார், ஏமாந்துவிடாதீர்கள், தொற்று வந்தால் தாங்காத வாரம் அதுதான். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிற பேச்சே கூடாது. உங்கள் ஊரில் இருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய கார்க்காரர் யார், அவர் நம்பர் எது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். கபடிக் குழுவின் பழைய ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் நிச்சயம் வண்டி இருக்கும். “நாங்க என்னண்ணே செய்யணும்?” என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். இந்த வாரத்தில் மைதானத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு மணி நேரம், போன் சட்டைப்பையில். திரும்பி வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் அவர் அறைக்குள் போக வேண்டும். சளி, இருமல் உள்ள பிள்ளை யாரும் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

மூன்றாவது வாரம் உங்களுடையது. அவருக்கும் சாப்பாடு இறங்கும், முகம் தெளியும். அந்த வாரம் காலை, மாலை இரண்டு வேளையும் போங்கள், மனசார விசில் ஊதுங்கள்.

இந்தக் கணக்குப்படி ஜனவரி 16 பதினாறாம் நாள், நல்ல வாரத்தில்தான் விழுகிறது. படித்ததும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள், அணுக்கள் குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். அது சகஜம். அப்படி ஜனவரி 1 என்பது 8 ஆகிவிட்டால், போட்டி இரவுகள் ஆகாத வாரத்தின் நடுவில் வந்து நிற்கும். அதனால் இந்த வருடம் செயலாளர் பொறுப்பை இப்போதே வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். வசூல் நோட்டு, போலீஸ் அனுமதி, மைக் செட், ஜெனரேட்டர், நடுவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் கைமாறட்டும். ஜனவரியில் உங்கள் மனைவியின் உடம்பு இடம் கொடுத்தால் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கப் போங்கள். உங்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். ஏறினால் அன்றைக்கு விடியும் வரை இறங்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வருடமாகத் திண்ணையில் கூட்டம் நடந்ததே, டீ போட்டது யார்? போட்டி முடிந்து மண்ணும் வியர்வையுமாக வந்த பனியன்களைத் துவைத்துக் காயப்போட்டது யார்? எங்கள் வீட்டில் அம்மாதான் செய்தார், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் குழுவுக்குப் பதினெட்டு வருடமாகப் பாடுபட்டவர்கள் இரண்டு பேர், தம்பி. இப்போது படுத்திருப்பவர் அதில் ஒருவர். நாளைக்கே கூட்டத்தைத் திண்ணையில் இருந்து கோயில் மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மாற்றுங்கள். பனியனை அவரவர் வீட்டில் துவைக்கட்டும். இதைக் கமிட்டியில் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், “இத்தனை வருஷம் செஞ்சது என் மனைவி” என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அது எப்படியும் அவர் காதுக்கு வந்து சேரும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ‘சார் கூடப் போறார்’ என்ற ஒரே தைரியத்தில்தான் பல வீடுகளில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் விலகினால் நாலைந்து பேரை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. கபடியால் கல்லூரியில் இடமும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள மூன்று சதவீத ஒதுக்கீடும் கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளைகளாக இருக்கலாம். அதனால் பெற்றோரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் உங்களிடம் ஆடத் தொடங்கிய பெண்கள் இப்போது கல்லூரிக்குப் போகிற வயதில் இருப்பார்கள். அதில் ஒருத்தியிடம் காலைப் பயிற்சியை ஒப்படையுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு அம்மாக்கள் கூடப் போகட்டும். இது உங்கள் வீட்டில் நோய் வராமல் இருந்திருந்தாலும் செய்திருக்க வேண்டியது. ராத்திரி தங்குகிற போட்டி மட்டும் கடைசி கீமோவுக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டும்வரை வேண்டாம். கபடியில் அவுட் ஆன ஆள் வெளியே உட்கார்ந்தாலும் அணியில்தான் இருக்கிறாள், தன் பக்கம் ஒரு பிடி பிடித்தால் உள்ளே வந்துவிடுவாள். இதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே.

கடிதத்தில் கமிட்டிக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூடப் பையனுக்குக் கொடுக்கவில்லை, கடைசியில் ஒரே ஒரு வரி. பழமொழியெல்லாம் இருக்கட்டும், பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு, அம்மா முடி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தினமும் ராத்திரி அவனோடு வாசலில் பத்து நிமிஷம். படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். அம்மாவுக்கு என்ன செய்கிறார்கள், எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தஞ்சாவூருக்கு ஒரு முறை அவனையும் அழைத்துப் போங்கள். நல்ல வாரத்தில் செக்கப்புக்குப் போகும் நாளாக இருந்தால், திரும்பும்போது வடுவூர் ஏரிக்கரையில் வண்டியைப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். இந்த மாதத்தில் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். மூன்று பேரும் நோயைப் பேசாமல் ஒரு இடத்தில் நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் உங்கள் வழியில் இல்லை.

கடைசியாக, உங்களால் மட்டும் முடிகிற ஒன்று. மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தோள் இறுகிக்கொள்ளும். கையைத் தூக்க வலிக்கும், வலிக்கிறதே என்று தூக்காமல் விட்டால் இன்னும் இறுகும். எந்த அளவுக்குச் செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சிக்கு வீட்டுக்கே வருவதும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அவர்கள் சரி என்றதும் காலையில் மைதானத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உங்கள் மனைவியோடு நில்லுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் தோளைப் பதமாக்கிய ஆள் நீங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே “இன்னும் கொஞ்சம்” என்று சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குக் கைவந்த வேலை. விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நவம்பர் 20-க்கு முன்னால் முதல் கோடு சுவரில் ஏறிவிடட்டும்.