தாத்தாவோட மடக்குக் கத்தியை (ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் சேர்ந்தது) பாலிஷ் போட்டு புதுசு மாதிரி ஆக்கலாமா?

வேண்டாங்க. தயவுசெஞ்சு இப்போதைக்கு எந்தக் கடையிலயும் குடுத்துடாதீங்க.

வீட்டை ஒதுக்கும்போது பீரோ அடியில கிடைச்சிருக்கும், கறுத்துப் போய் பாதி துருவோட இருக்கும், இதை பளபளன்னு ஆக்கி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்க தாத்தா வால்பாறை பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவர். அவர்கிட்ட இருந்ததும் நீங்க சொல்ற மாதிரிதான், மூடினா உள்ளங்கையில அடங்கிடும், பக்கத்துல புடிச்சு லேசா தள்ளினா ரெண்டு துண்டா கழண்டு வரும், ஒண்ணுல கத்தியும் டின் ஓப்பனரும், இன்னொண்ணுல ஸ்பூனும் ஃபோர்க்கும். அப்பதானே ஒரு கையில கத்தி, ஒரு கையில ஃபோர்க் வச்சு சாப்பிட முடியும். கைப்பிடி மான் கொம்பு. இங்கிலாந்துல ஷெஃபீல்டு, ஜெர்மனியில சோலிங்கன், இந்த ஊர் கத்திக்காரங்களுக்கு கொம்பு நிறைய போனதே நம்ம ஊர் கடமான்கிட்ட இருந்துதான், எங்க மலையில மிளான்னு சொல்லுவாங்க. அந்தக் கொம்பு ஜெர்மனிக்குப் போய் கத்தியாகி திரும்ப மிளா திரியற மலைக்கே வந்துடுச்சுன்னு தாத்தா எத்தனை தடவை சொல்லியிருப்பார்னு கணக்கே இல்ல.

அவர் அதை ஷோகேஸ்ல வச்சவர் இல்ல. ஃபீல்டுக்குப் போகும்போது பாக்கெட்ல இருக்கும். கொய்யா வெட்டுறது, வேகவச்ச மரவள்ளிக்கிழங்கை ஃபோர்க்ல குத்தி சாப்பிடுறது, பால் டின் உடைக்கிறது எல்லாம் அதுலதான். எலுமிச்சம்பழம் வெட்டி வெட்டி பிளேடு நீலமும் கறுப்புமா ஒரு நிறத்துக்கு வந்திருந்துச்சு. கீலுக்கு தேங்காய் எண்ணெய்தான் விடுவார், மார்கழிக் குளிர்ல அது உறைஞ்சு கத்தி திறக்காது, பாட்டி அடுப்புகிட்ட கொஞ்ச நேரம் காட்டிட்டுத்தான் திறப்பார். அதை எனக்குத்தான் குடுத்தார். மூணு பேரன் இருக்கும்போது பேத்திக்கு எதுக்கு கத்தின்னு வீட்ல பேச்சு வந்துச்சு. "அவதான் துடைச்சு வைப்பா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்.

இப்ப விஷயம். அந்தக் கத்தி எப்படி வந்துச்சுன்னு எங்க வீட்ல ரெண்டு கதை. சுதந்திரம் வந்து ஊருக்குக் கிளம்பின துரை தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனதுன்னு அப்பா சொல்வார். அதெல்லாம் இல்ல, அறுபதுகள்ல பங்களா சாமான் ஏலத்துல அவரே எடுத்ததுன்னு பெரியப்பா சொல்வார். (துரை குடுத்ததுன்னு பெருமைப்படுறியான்னு யாரும் வந்துடாதீங்க. அந்த எஸ்டேட்கள்ல வரிசையா கட்டின லயன் வீட்டுல இருந்த தொழிலாளர் ஜனங்க என்ன பாடுபட்டாங்கன்னு எனக்குத் தெரியும், தாத்தாவே சொல்லித்தான் தெரியும். நான் பேசுறது தாத்தாவைப் பத்தி, துரையைப் பத்தி இல்ல.)

அஞ்சு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு பீமரத சாந்தி, எழுபது வயசு விழா. சர்ப்ரைஸா குடுக்கலாம்னு ஒரு பாலிஷ் பட்டறையில குடுத்தேன். துருவை மட்டும் எடுங்கன்னுதான் சொன்னேன், சத்தியமா. அவங்க பஃபிங் வீல்ல வச்சு மொத்தமா தேய்ச்சுட்டாங்க. கண்ணாடி மாதிரி வந்துச்சு, நானும் சந்தோஷமா டப்பாவுல போட்டு ரிப்பன் கட்டிக் குடுத்தேன். அப்பா திறந்தார், கையில வச்சு ரெண்டு தடவை புரட்டினார், கட்டை விரல் நகத்தால பிளேடோட அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இது எங்கப்பாவோடது இல்லையேம்மா"ன்னார்.

பிளேடு கைப்பிடிக்குள்ள நுழையற இடத்துல சின்னதா முத்திரை அடிச்சிருப்பாங்க, கம்பெனி பேரு, ஊரு, நாடு. அது போயிடுச்சு. அதுல ஜெர்மனின்னு இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி "டபிள்யூ" இருந்துச்சா இல்லையான்னு ஞாபகம் இல்ல. இதுல என்ன இருக்குன்னா, "டபிள்யூ"ன்னா வெஸ்ட், அந்த மேற்கு ஜெர்மனிங்கிற நாடே 1949-லதான் வந்துச்சு, 1990 வரைக்கும்தான் இருந்துச்சு. "டபிள்யூ" இருந்திருந்தா துரை கிளம்பும்போது குடுத்த கதை நடந்திருக்கவே முடியாது, பெரியப்பா சொன்னதுதான் சரி. வெறும் ஜெர்மனி மட்டும்னா போருக்கு முந்தினதா இருக்கலாம், அப்பா பக்கம் பலமாகும். ஒரே ஒரு எழுத்து. பெரியப்பா போன வருஷம் தவறிட்டார், அப்பா இப்ப அதைப் பத்தி பேசுறதே இல்ல.

ஒரு கத்திக்கு இவ்ளோ அழுகையான்னு கேக்கலாம். கேம்பிரிட்ஜ்ல ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒண்ணு இருக்கு, கி.பி. 3-ஆம் நூற்றாண்டு, வெள்ளியில செஞ்சது, ஸ்பூன், மூணு முள்ளு ஃபோர்க், குத்தூசி எல்லாம் மடங்கும். அதோட இரும்பு பிளேடு துரு தின்ன நிலையிலதான் இருக்கு, யாரும் அதுக்குப் புது பிளேடு மாட்டல. பாலிஷ் தொழில் பண்றவங்க எல்லாரையும் குறை சொல்லல, பதமா செய்றவங்களும் இருக்காங்க. ஆனா நீங்க குடுக்குற இடம் அப்படித்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

முன்னெல்லாம் சாணை பிடிக்கிறவர் சைக்கிள்ல வருவார், நம்ம கண்ணு முன்னாடியே செய்வார், போதும்னா நிறுத்துவார். இப்ப எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் அவரை கேட்டுக்குள்ளயே விடறதில்ல. செக்யூரிட்டி காரணமாம். மீட்டிங்ல கேட்டேன், உங்க ஒருத்தருக்காக ரூல் மாத்த முடியாதுன்னுட்டாங்க. அறுபது வயசுக்காரர் கல்லு சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு வெயில்ல கேட்டுக்கு வெளிய நிக்கிறார், நாலு வீட்டு ஜனங்க கத்தியை எடுத்துக்கிட்டு கீழ இறங்கி ஓடுறோம். இதெல்லாம் எந்த ஊர் நியாயம்? சரி விடுங்க, உங்க கேள்விக்கு வரேன்.

கறுப்பு, சாம்பல், நீலம் இதெல்லாம் அழுக்கு இல்ல, பழைய கார்பன் ஸ்டீல்ல வர்ற மேல்பூச்சு மாதிரி, அது இருந்தா துரு சீக்கிரம் ஏறாது. அதைத் தொடாதீங்க. செம்பழுப்பா பொடி உதிர்றதுதான் கெட்டது. அதுல ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவச்சு, ரொம்ப நைஸான ஸ்டீல் வூல்ல மெதுவா, முத்திரை இருக்குற இடத்தை விட்டுட்டுத் தேய்ங்க. பித்தளைச் சாமான் நினைப்புல புளி போட்டுடாதீங்க, அந்தப் புளிப்பு கார்பன் ஸ்டீலை அரிச்சுடும். கீலுக்கும் அதே எண்ணெய் ஒரு சொட்டு, தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுன்னு ஆகிடும். ஸ்பூன்ல சாப்பிடப் போறீங்கன்னா முதல்ல சோப்பு போட்டுக் கழுவி, உடனே துடைச்சுடுங்க. பிளேடுல "ரோஸ்ட்ஃப்ரை"ன்னு ஜெர்மன்ல இருந்தா அது துருப்பிடிக்காத ஸ்டீல், அவ்வளவு பயம் வேண்டாம். வெள்ளை உலோகமா இருந்தா வெள்ளின்னு நம்பி நகைக்கடைக்கு ஓடாதீங்க, பெரும்பாலும் ஜெர்மன் சில்வர்தான், செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி துளியும் கிடையாது. ஹேண்ட் பேக்ல போட்டுக்கிட்டு ஏர்போர்ட்டும் போயிடாதீங்க, திரும்பி வராது.

இதெல்லாம் நாளைக்கு. இன்னைக்கே செய்ய வேண்டியது, பிளேடை முழுசா திறந்து அடிப்பக்கத்துல மொபைல் டார்ச்சை சாய்ச்சு அடிச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. எழுத்து ஏதாவது தெரிஞ்சா கமென்ட்ல போடுங்க. ஜெர்மனின்னு இருந்தா அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு சேர்த்துப் போடுங்க.