பிளேன் டிரஸ்ஸை (ஒரே தளத்துல மெம்பர்களை முக்கோணமா இணைச்ச சட்டம்) எஃப்.இ.எம்.ல (கட்டமைப்பை எலமெண்ட்ங்கற துண்டுகளா பிரிச்சு கணக்கு போடற முறை) பண்றப்போ ஒவ்வொரு மெம்பரையும் நாலா பிரிச்சா ஆன்சர் இன்னும் துல்லியமா வருமா?

வராது, பிரிக்கவே பிரிக்காதீங்க. நீங்க ஃபைனல் இயர் பிராஜக்ட் பண்றீங்கன்னு நினைக்கறேன், பிளேட்டை துண்டு துண்டா பிரிச்சு மெஷ் போட்ட கையோட டிரஸ்ஸுக்கு வந்திருப்பீங்க, அங்க மெஷ் பொடிசாக ஆக ரிசல்ட் நல்லா வந்திருக்கும், இங்கயும் அப்படித்தான்னு தோணும்.

எனக்கும் தோணுச்சு. வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது மாசம், 12 மீட்டர் ஸ்பேன்ல ஒரு ஷெட் கூரை டிரஸ், எல்லா மெம்பரையும் நாலா வெட்டி ரன் கொடுத்தேன், மேட்ரிக்ஸ் சிங்குலர்னு, அதாவது டிடர்மினன்ட் ஜீரோ, தீர்க்க முடியாதுன்னு நின்னுடுச்சு. சப்போர்ட்டை மாத்தினேன், யூனிட் சரிபார்த்தேன், ரெண்டு நாள் போச்சு. சீனியர் அண்ணன் ஒருத்தர் வந்து ஸ்கிரீனைக்கூட பாக்கல, பேப்பர்ல பாட்டம் கார்டு (டிரஸ்ஸோட கீழ் மெம்பர்) நடுவுல நான் சொருகின ஒரு நோடை (எலமெண்ட்கள் சேர்ற புள்ளி) மட்டும் வரைஞ்சு, "இதை கீழ அமுக்குனா எதுடா புடிக்கும்?"னு கேட்டார்.

எதுவும் புடிக்காது. டிரஸ் எலமெண்ட்டுக்கு நீளவாக்குல மட்டும்தான் பலம். 2 மீட்டர் ஸ்டீல் மெம்பர், ஏரியா (ஏ) 1000 சதுர மி.மீ., எலாஸ்டிக் மாடுலஸ் (இ) 2,00,000 நியூட்டன்/சதுர மி.மீ.ன்னு வைங்க, எல் நீளம், நீளவாக்கு ஸ்டிஃப்னஸ் ஏஇ/எல் 1,00,000 நியூட்டன்/மி.மீ., அதாவது 100 கிலோநியூட்டன் இழுத்தா 1 மி.மீ. நீளும். குறுக்கால தள்ளுனா ஸ்டிஃப்னஸ் ஜீரோ. படுத்திருக்கற மெம்பரோட கோணத்துக்கு காஸ் 1, சைன் 0, நடு நோடுக்கு ரெண்டு பக்கமும் இதே கோணம்தான், அசெம்பிள் பண்ணிப் பாருங்க, மேட்ரிக்ஸ்ல அந்த நோடோட செங்குத்து திசைக்கான வரிசை முழுக்க ஜீரோவா கிடக்கும். சாய்ஞ்ச மெம்பர்ல ஜீரோ கண்ணுக்குத் தெரியாது, ஆனா அந்த நடு நோடுக்கான 2×2 பிளாக்கோட டிடர்மினன்ட் அங்கயும் ஜீரோதான்.

அதைவிட முக்கியம், பிரிக்கத் தேவையே இல்ல. மெம்பர் நேரா, ஒரே ஏரியாவா இருந்து லோடு நோடுல மட்டும் வந்தா, லீனியர் கணக்குல ஒரே எலமெண்ட்டே சரியான விடையத் தந்துடும், தோராயமே கிடையாது.

ஃபிரேம் எலமெண்ட் போட்டா பிரிக்கலாமேன்னு கமெண்ட்ல வருவீங்க, தாராளமா பிரிக்கலாம், அங்க ரொட்டேஷனும் இருக்கு, வளைவையும் தாங்கும், நான் பேசறது பின் ஜாயிண்ட் (மெம்பர் முனை தடையில்லாம சுழலற இணைப்பு) டிரஸ் பத்தி மட்டும். பக்ளிங்கை (அமுக்கும்போது மெம்பர் பக்கவாட்டுல வளைஞ்சு போறது) மறந்துட்டியான்னும் கேக்காதீங்க, அழுத்தத்துல இருக்கற மெம்பருக்கு அதைத் தனியா செக் பண்ணியே ஆகணும், இந்த லீனியர் சால்வ் அதைச் சொல்லாது.

இதெல்லாம் காலேஜ்லயே புரிஞ்சிருக்கணும். ஆனா அங்க நடந்தது வேற. இன்டர்னல்ல 3 மெம்பர் டிரஸ் கேட்டாங்க, நான் நோடுக்கு நம்பரை வேற வரிசையில போட்டேன், ஆன்சர் கீல இருக்கற மேட்ரிக்ஸ் மாதிரி இல்லன்னு 16 மார்க்குக்கு 4. நம்பரை மாத்தினா வரிசைதான் இடம் மாறும், பேண்ட்வித் (ஜீரோ இல்லாத எண்கள் மூலைவிட்டத்தச் சுத்தி பரவற அகலம்) கூடும் குறையும், டிஸ்ப்ளேஸ்மெண்ட் மாறவே மாறாது. ஆன்சர் கீல இருந்த அதே டிஸ்ப்ளேஸ்மெண்ட்தான் என் பேப்பர்லயும் இருந்துச்சு, கடைசிப் பக்கத்த யாரும் திருப்பல.