மனநலம்: கேள்வி - பதில்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. விடுதியில் பக்கத்து அறைப் பையன்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தவன், ஒருநாள் கதவையே உடைத்துவிட்டான். மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. குரல் கேட்பது நின்றுவிட்டது. பிற்காலத்தில் எப்படி இருப்பான் என்று இப்போதே சொல்ல முடியுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் இந்த மனநோயில் (சைக்கோசிஸ்) உறுதியாகச் சொல்ல முடியாது, ஓரளவு கணிக்கலாம். கதவை உடைத்ததைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். திடுமென்று வந்து ஊரைக் கூட்டும் நோய் பெரும்பாலும் நன்றாகத்தான் தெளிகிறது. இரண்டு மூன்று வருடமாக மதிப்பெண் சரிந்து, நண்பர்கள் விலகி, சத்தமில்லாமல் வந்த நோய்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கும்.

முதலில் தேதி பாருங்கள். சந்தேகமோ குரலோ நிலைத்துப்போன நாளிலிருந்து முதல் மாத்திரை வரை எத்தனை வாரம்? மந்திரிக்கப் போன நாட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்த இடைவெளி நீள நீள, தேறுவது கடினமாகிறது. நார்வேயின் ரோகலாந்து வட்டாரத்தில் பத்திரிகை, வானொலி, பள்ளிகள் வழியாக விளம்பரம் செய்து, நோயாளிகளைச் சீக்கிரமே சிகிச்சைக்கு வரவைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த வட்டாரங்களில் இடைநிலையாக 16 வாரமாக இருந்த தாமதம் அங்கே 5 வாரம்தான். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது முழுமையாக மீண்டவர்கள் ரோகலாந்தில் சுமார் 31 சதவீதம், மற்ற இடங்களில் 15.

ஐந்து வாரத்தில் குரல் நின்றது நல்ல அறிகுறி. இனி கவனிக்க வேண்டியது, பேச்சும் ஆர்வமும் திரும்புகிறதா என்பது. ஆறு மாதம் ஆன பிறகும் குளிக்கவே சொல்ல வேண்டியிருந்தால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அதற்குமுன் ஒன்று: நடக்கும்போது கை வீசாமல், முகம் இறுகி, எச்சில் வழிந்தால் அது நோயாக இல்லாமல் மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் வீடுகளே அதிகம். ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்ப வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மனநோயாளிகளுக்காக இயங்கும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் நோயாளிகளை கனடாவின் மாண்ட்ரியல் நகர நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டு முடிவில் இந்த ஆர்வமின்மை சென்னையில்தான் அதிகம் குறைந்திருந்தது. கூடவே இருக்கும் குடும்பத்துக்கு இதில் பங்குண்டு.

கேள்வி: இதே மனநோய் வந்த மகன் பழையபடி ஆகிவிட்டான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தெளிந்த பிறகு குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் மாத்திரை வேண்டும். நிறுத்துவதானாலும் டாக்டர் மேற்பார்வையில், பல மாதங்களில் படிப்படியாகத்தான். நியூயார்க்கில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது.

ஏமாற்றுவது எதுவென்றால், நிறுத்திய முதல் சில வாரம் ஒன்றும் ஆகாது. தூக்கக் கலக்கம் போய்ச் சுறுசுறுப்பாகக்கூட இருப்பார். நோய் பெரும்பாலும் சில மாதம் கழித்துத்தான் திரும்பும் என்பதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தூக்கம் குறைவதும் பழைய சந்தேகம் எட்டிப்பார்ப்பதும்தான் பலருக்கு முதல் எச்சரிக்கை.

பலர் சொல்லாமல் நிறுத்துவது உடல் எடையால். ஓலன்சபின் என்ற மாத்திரை எடுத்தால் மாதாமாதம் எடை பாருங்கள்; மூன்றாம் மாதம் சர்க்கரை, கொழுப்பு பரிசோதனை செய்யுங்கள். ஏறத் தொடங்கும்போதே சொன்னால் மருந்தை மாற்ற வழியுண்டு. கல்யாணத்தை நோய்க்கு வைத்தியமாக நினைக்காதீர்கள். பெண் வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் முதல் வாரத்திலேயே மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டி வரும்.

கேள்வி: இந்த மனநோய் கஞ்சாவால் வந்ததுதானே, கஞ்சா என்ற அதை விட்டால் தானாகச் சரியாகிவிடாதா?
- வாசகர், கோவை

பதில்: சிலருக்குச் சரியாகும். விட்டு ஒரு மாதம் ஆகியும் குரல் நிற்கவில்லை என்றால் கஞ்சாவின் மேல் மட்டும் பழி போட முடியாது. நின்றுவிட்டாலும் டாக்டரை விடாதீர்கள். டென்மார்க் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, கஞ்சாவால் வந்த மனநோய் என்று எழுதப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ (குரலும் சந்தேகமும் நீடிக்கும் ஸ்கிசோஃப்ரினியா) இருதுருவக் கோளாறோ (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) வந்திருந்தது. முதல் தாக்குதலுக்குப் பிறகும் கஞ்சா புகைப்பவர்களுக்கு நோய் அடிக்கடி திரும்புகிறது. அந்த நேரத்தோடு நிறுத்தியவர்களின் நிலை எவ்வளவோ மேல்.